டீச்சரின் ஒறுத்தல்

டீச்சருக்குச் சாப்பிடும்போது புரையேறினால் விசாரணை தொடங்கிவிடும். மற்ற வீடுகளில் "யாரோ நெனைக்கிறாக" என்று உச்சந்தலையில் தட்டிவிட்டு அடுத்த கவளத்துக்குப் போவார்கள். டீச்சர் தட்டைத் தள்ளி வைப்பார். கண்ணில் நீர் நிற்க, எதிரே பரிமாறிக்கொண்டிருக்கும் தங்கையைப் பார்ப்பார்.

"என்னத்த நெனச்ச?"

"ஒண்ணும் நெனைக்கலையேக்கா."

"ஒண்ணும் நெனைக்காமத்தான் எனக்குப் புரையேறுதா?"

செலின் அக்கா ஏதாவது ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். "ரசத்துல உப்புக் கொறச்சலோன்னு நெனச்சேன்" என்பார். "பாத்தியா" என்று டீச்சர் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடுவார்.

டீச்சரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. செலின் என்பதும் நான் வைத்த பெயர்தான். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

செக்காலையில் ஒரு குறுக்குத் தெருவில் அவர்கள் வீடு. மாடியில் ஒற்றை அறை, அதில் நான் வாடகைக்கு இருந்தேன். திருக்கோஷ்டியூர்ப் பக்கம் எங்கள் ஊர். அம்மாவும் அப்பாவும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஸ்கேன் எடுக்கும் டிப்ளமோ படித்துவிட்டு, காரைக்குடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தேன். அங்கேதான் டீச்சரை முதலில் பார்த்தது. ஓயாத தலைவலி என்று வந்திருந்தார். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. படுக்க வைத்து, "தலைய அசைக்காதீக" என்றேன். எடுத்து முடித்ததும் எழுந்து உட்கார்ந்து கொண்டையைச் சரிசெய்தபடி சொன்னார்:

"அறுவது வருசத்துல என் தலைக்குள்ள எட்டிப் பாத்த மொத ஆம்பள நீதான். என்ன இருந்துச்சு, சொல்லு."

சிரித்துவிட்டேன். அப்போது எனக்கு அவரைப் பிடித்திருந்தது. நான் அறை தேடுவது தெரிந்ததும் அவரே கூப்பிட்டு வீட்டைக் கொடுத்தார். "எப்புடியும் என் தலைய இவனுக்குத் தெரியும்" என்று தெருவில் எல்லோரிடமும் காரணம் சொன்னார்.

பெண்கள் பள்ளி ஒன்றில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எங்கள் சென்டரில் வரவேற்பில் இருந்த பெண் அவரிடம் படித்தவள். டீச்சர் விரலில் ஊசி குத்திவிட்டால், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மணி அடிக்கும்வரை எழுந்து நிற்க வேண்டுமாம். "நீ மூச்சு விட்டதுல என் கை ஆடிருச்சு" என்பாராம். அதனால் முதல் வரிசைப் பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தான் துளைக்குக் காஜா தைத்தார்களாம். அவள் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். சொல்லும்போதே வலது கையால் மார்பைத் தொட்டுக்கொண்டாள்.

அக்கா தங்கை இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. தனக்கு வந்த வரன்களைத் தானே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக டீச்சர் சொல்வார். செலின் அக்காவுக்கு வந்த வரன்களையும் டீச்சர்தான் வேண்டாம் என்று சொன்னார். செலின் அக்காவுக்கு அப்போது நாற்பது கடந்திருந்தது. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொடுப்பார். தையல் மிஷின் சத்தம் தலையைக் குடைகிறது என்று டீச்சர் சொன்னதால் கையால் தைத்துக்கொண்டிருந்தார்.

படத்தில் இருந்தது ஒரு கட்டி. மதுரை டாக்டரிடம் போனபோது, சொல்வதைப் புரிந்துகொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று செலின் அக்கா என்னையும் அழைத்தார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"பயப்படாதீங்க, இது புத்துநோய் இல்ல. மூளைக்கு மேல இருக்கிற உறையில மெதுவா வளர்ற கட்டி. இப்ப கை வைக்க வேண்டாம். வருஷத்துக்கு ஒருக்க படம் எடுத்துப் பாப்போம்."

"ரத்தம் கசியுமா சார்?" என்று டீச்சர் கேட்டார்.

"இந்த மாதிரிக் கட்டியில அபூர்வம். கசியவே கசியாதுன்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன். பிரஷர் ஏறியே கெடந்தா கசியலாம். ரத்தத்தை உறைய விடாத மாத்திரை போட்டா கசியலாம். தலையில பலமா அடிபட்டா கசியலாம். வயசு, கட்டியோட வகை, அது இருக்கிற எடம், இதெல்லாம் நம்ம கையில இல்ல. நம்ம கையில இருக்கிறது பிரஷர் மாத்திரை. ஒரு நாள்கூட விட்றாதீங்க. தலைவலின்னு கடையில கேட்டு வாங்கிப் போடாதீங்க, அதுல சிலது ரத்தத்தை உறைய விடாது."

எழுந்து கும்பிட்டோம். அடுத்த ஆளைக் கூப்பிட மணியைத் தொட்டபடி, உபசாரமாக ஒரு வார்த்தை சேர்த்தார். "மனசையும் கொஞ்சம் அமைதியா வச்சுக்கங்க."

பஸ் மேலூர் தாண்டியதும் டீச்சர் ஜன்னலைச் சாத்தினார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பினார்.

"டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"மாத்திரைய விடக் கூடாதுன்னாருக்கா."

"அது கெடக்கு. மனச அமைதியா வச்சுக்கிறணும்னாரு. வைக்கிறது யாரு, நானா? நான் என் மனச என்ன பண்றேன்? அங்குட்டு இங்குட்டு நாலு பேரு பண்றதுதான." என்னைப் பார்த்தார். "என்ன தம்பி, சரிதான?"

"பிரஷர் மாத்திரைதான் டீச்சர் முக்கியம்" என்றேன்.

"சரின்னு சொல்ல ஒனக்கு வாய் வலிக்குது."

மறுவாரம் வீட்டுக்குப் பிரஷர் மிஷின் வந்தது. கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் தானே உறுமி, தானே எண்ணைக் காட்டும். நல்ல சாமான்தான், அந்த வீட்டில் அது வேறு வேலை பார்த்தது. செலின் அக்கா அரைமணி தாமதமாகக் கடையிலிருந்து வந்தால் டீச்சர் பட்டையைச் சுற்றுவார். ஜாக்கெட் வாங்க வந்த பெண்ணோடு வாசலில் நின்று சிரித்தால் சுற்றுவார். எண் வந்ததும் மிஷினைத் திருப்பித் தங்கையிடம் காட்டுவார்.

"பாத்துக்க. நூத்தி அறுவது. இது நீ சிரிச்சது."

செலின் அக்கா மன்னிப்புக் கேட்பார். சற்றுக் கழித்து மறுபடி பார்த்தால் இறங்கியிருக்கும். எந்த மனிதருக்கும் அப்படித்தான் ஏறி இறங்கும் என்று நான் விளக்கிச் சொன்னேன். ஓயாமல் பார்த்தால் பார்ப்பதாலேயே ஏறும் என்றும் சொன்னேன். டீச்சர் உடனே பட்டையைச் சுற்றினார். "இப்ப இது நீ பேசுனது" என்று எனக்குக் காட்டினார்.

இந்த நிலையில்தான் தேவகோட்டைக்காரர் வந்தார். மின்சாமான் கடை வைத்திருந்தார், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. ஜாக்கெட் தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்த அவருடைய அக்கா செலின் அக்காவைப் பிடித்துப்போய், பெண் கேட்கலாமா என்று பங்குச் சாமியார் மூலமாகவே கேட்டிருந்தார். சாமி சொல்லிவிட்டதால் டீச்சரால் வாசலில் மறிக்க முடியவில்லை. ஒரு ஞாயிறு காலைப் பூசை முடிந்து இருவரும் வந்தார்கள். வீட்டில் ஆம்பளை ஒருவர் வேண்டும் என்று என்னையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

செலின் அக்கா காபி கொண்டுவந்து வைத்தார். வந்தவர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு நிமிசம்" என்றார் டீச்சர். பட்டையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

மிஷின் உறுமத் தொடங்கியது. அது உறுமும்போது பேசக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். வந்தவர்களுக்கும் அது எப்படியோ புரிந்துவிட்டது. எல்லோரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். காபியில் ஆடை படிந்தது.

"நூத்தி எழுவத்தெட்டு" என்றார் டீச்சர். "நீங்க படியேறும்போது நூத்தி முப்பது. பரவால்ல, காப்பியக் குடிங்க."

"நாங்க இன்னும் ஒண்ணும் பேசலையேங்க" என்றார் அவர்.

"பேசாததுக்கே இம்புட்டு."

அவர் கோபப்படவில்லை. "தங்கச்சி வந்துட்டா நீங்க தனியா இருப்பீகளேன்னு யோசிச்சோம். நீங்களும் எங்க கூடவே வந்து இருங்க. கீழ ரூம்பு காலியாத்தான் இருக்கு. உங்களையும் வச்சுப் பாத்துக்கிறேன்."

"என்னய வச்சுப் பாக்குறதுக்கு நான் என்ன ஃபேனா? ரிப்பேருன்னா கழட்டி வச்சுப் பாக்க?"

அவருடைய அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. செலின் அக்கா சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தார். அவர் அன்று பேசியதைப் போல அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

"எனக்குச் சம்மதங்க" என்றார்.

டீச்சர் மறுபடி பொத்தானை அமுக்கினார். அது உறுமிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் தேதி பேசினார்கள். தவக்காலம் நெருங்கிவிட்டது, தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் முடிந்ததும் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பது, அதன்பின் தாலி என்று முடிவாயிற்று.

சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தார் டீச்சர். தவக்காலத்தில் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை ஆண்டவருக்காக விடுவார்கள். ஒறுத்தல் என்பார்கள். சிலர் கறியை விடுவார்கள், சிலர் டிவியை. டீச்சர் முற்றத்தில் நின்று அறிவித்தார்.

"மீன விட்டேன். காப்பிய விட்டேன். மாத்திரைய விட்டேன்."

"எந்த மாத்திரைக்கா?"

"பிரஷர் மாத்திரை."

செலின் அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "மாத்திரையெல்லாம் ஒறுத்தல்ல வராதுக்கா."

"எது வரும், எது வராதுன்னு எனக்குச் சொல்லித் தாரியா? நீ இந்த வருசம் எத விட்ருக்க, சொல்லு பாப்போம். நான் சொல்லவா? என்னய விட்ருக்க."

நான் கீழே இறங்கி வந்து சொன்னேன். சொல்லத் தெரிந்த விதத்திலெல்லாம் சொன்னேன். அந்தக் கட்டிக்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் மற்றவை போல உறுதியானவை அல்ல, அழுத்தம் ஏறியே இருந்தால் தாங்காது, சும்மா இருக்கும் கட்டியை நாமே சீண்டுவதாகும் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"படம் எடுத்துட்டேல்ல? ஒன் சோலி முடிஞ்சுச்சு. மேல போ."

மாத்திரை நின்ற சில நாளில் தலைவலி ஏறியது. டீச்சர் வெயிலில் தானே நடந்து போய் மெடிக்கலில் தலைவலி மாத்திரை வாங்கி வந்து, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். டாக்டர் போடக் கூடாது என்று சொன்ன வகையேதான்.

"டீச்சர், விட்டதத் திருப்பிப் போடுங்க, போடுறத விடுங்க. நீங்க தலைகீழாப் பண்றீக."

"அது வலிக்குப் போடுறது. ஆண்டவருக்குக் குடுத்தது வேற."

செலின் அக்கா வேறு வழியில்லாமல் சாமியாரிடம் போனார். சாமி வீட்டுக்கே வந்து, உயிரைக் கெடுக்கும் ஒறுத்தல் ஒறுத்தலே அல்ல, அது பாவம் என்று கடிந்துகொண்டார். டீச்சர் முக்காட்டை இழுத்துவிட்டு, தலை குனிந்து கேட்டார். "சரி சாமி. நாளையிலருந்து போட்டுக்கிறேன்" என்றார். கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் தலை நிமிர்ந்தது.

"கட்டி அவரு தலையிலயா இருக்கு?"

மறுநாள் காலையில் செலின் அக்கா மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டிக்கொண்டு நின்றார். டீச்சர் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

"தேவகோட்டைக்குப் போன போட்டு வேணாம்னு சொல்லு. இந்தா, இப்பவே முழுங்குறேன்."

செலின் அக்கா தண்ணீரை இன்னும் கொஞ்சம் நீட்டினார். டீச்சர் மாத்திரையைத் தங்கையின் கையிலேயே திருப்பி வைத்தார். இது தினமும் காலையில் நடந்தது. நான் வேலைக்குப் படியிறங்கும்போது, ஒருவர் கையில் தண்ணீரும் மற்றவர் உள்ளங்கையில் மாத்திரையுமாக இருவரும் நின்றுகொண்டிருப்பார்கள். மிஷினில் எண் இருநூறுக்குப் பக்கம் வந்தது. டீச்சருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையைப் போலக் காட்டுவார்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள், கிணற்றடியில் நின்று செலின் அக்கா போனில் பேசினார். மாடியிலிருந்து எனக்குக் கேட்டது.

"வேணாங்க... இல்லங்க, உங்க மேல ஒரு கொறையும் இல்ல... இல்ல, யாரும் சொல்லச் சொல்லல. நானாத்தான்... சரிங்க."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே உள்ளே போய் மாத்திரையோடு வந்தார். "சொல்லிட்டேன்க்கா. போடுங்க."

டீச்சர் தங்கையின் கன்னத்தைத் தடவினார். "எனக்குத் தெரியும்டி, நீ நல்லவ." மாத்திரையை வாங்கவில்லை. "ஆனா நேந்துக்கிட்டது நேந்துக்கிட்டதுதான். ஈஸ்டர் அன்னைக்குக் காலையில போடுறேன். ஒரு வாரந்தான? ஆண்டவரு பாத்துக்கிருவாரு."

செலின் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாட்களில் டீச்சரைப் போல மகிழ்ச்சியான மனிதரைப் பார்க்க முடியாது. குருத்தோலையில் சிலுவை முடைந்து தெருவுக்கெல்லாம் கொடுத்தார். அவர் கை பிரஷர் மிஷின் பக்கமே போகவில்லை. புதன்கிழமை காலை என்னையும் கூப்பிட்டுப் பலகாரம் வைத்தார். பள்ளிக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரியின் சட்டைப் பொத்தான் தெறித்து, பிள்ளைகளே தைத்துக்கொடுத்த கதையைச் சொன்னார். செலின் அக்காகூடச் சிரித்தார். கதையின் நடுவில் டீச்சரின் வார்த்தை குழறியது. வலது கையிலிருந்த கரண்டி விழுந்தது. இடது கையைத் தூக்கித் தங்கையை நோக்கி விரலை நீட்டினார். வாய் கோணிக்கொண்டு போயிற்று. அப்படியே சுவரில் சரிந்து வாந்தி எடுத்தார்.

அன்று அவருக்கு யாரும் மனக்கஷ்டம் கொடுக்கவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

முதல் படத்தை எடுத்த நானே இரண்டாவதையும் எடுத்தேன். இந்த முறை தலையை அசைக்காதீர்கள் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. ஸ்கேன் படத்தில் புது ரத்தம் வெள்ளையாகத் தெரியும். கட்டிக்குள்ளும், கட்டியைச் சுற்றியும், அதைத் தாண்டியும் வெள்ளை.

மதுரையில் அதே டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டார். செலின் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். "இதுனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றார் அவர். "ஒண்ணும் பண்ணாமலேகூட எப்பவாவது கசியும். ஆனா மாத்திரைய நிறுத்தி, அந்தத் தலைவலி மாத்திரையும் போட்டா, வேற என்ன வேணும்?" ஆபரேஷன் செய்தார்கள். கண் திறக்கவில்லை. ஈஸ்டர் காலையில் பிரஷர் மாத்திரையைப் பொடித்து மூக்குக் குழாய் வழியாக நர்ஸ் உள்ளே விட்டார். மறுநாள் டீச்சர் இறந்துபோனார்.

அமராவதிபுதூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். சித்தி முறையில் ஒரு கிழவி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி அழுதாள்.

"டாக்டர் மனசு நோகக் கூடாதுன்னாரே, கேட்டியாடி? நாப்பது வயசுல மாப்ள கேட்டுச்சே ஒனக்கு! அவ தலைய ஒடச்சுட்டியேடி!"

அடக்கம் முடிந்து வந்த பிறகும் அதே பேச்சு. தேவகோட்டைக்காரர் மாலை போட்டுவிட்டுப் போகாமல் வாசல் கேட்டருகே நின்றிருந்தார். கிழவி அவரைக் காட்டி, "இன்னும் எத அள்ளிட்டுப் போக நிக்கிறாரு?" என்றாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"பாட்டி, செலின் அக்கா கல்யாணத்தையே நிறுத்திட்டாக. அதுக்கப்புறமும் டீச்சர் மாத்திரை போடல. அதுனாலதான்..."

"படிச்ச புள்ள, ஒனக்கு மாத்திரை தெரியும். எங்களுக்கு மனசு தெரியும். நீ பேசாத."

மேலே பேச வாயெடுத்தேன். செலின் அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, மாத்திரைய விட்டதப் பத்தி யாருகிட்டயும் பேசாதீக. கும்புட்டுக் கேக்குறேன்."

"அக்கா, உங்களக் கொலகாரிங்கிறாக."

"தெரியுது. ஆனா அவுக சாமிகிட்டப் போடுறேன்னு சொல்லிட்டுப் போடல. தெரிஞ்சேதான் போடல. வெளிய வந்துச்சுன்னா தன்னையே கொன்னுக்கிட்டாகன்னு ஆயிரும். கல்லறத் தோட்டத்துல அம்மா பக்கத்துல படுத்துருக்காக. அங்க எடம் குடுத்துருக்கக் கூடாதுன்னு ஆளாளுக்குப் பேசுவாக." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கு நான் கொன்னதாவே இருக்கட்டும்."

முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போனார். தேவகோட்டைக்காரர் அவரைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றார்.

"நான் அவசரப்படுத்தலங்க. எத்தன மாசம்னாலும் இருக்கேன்."

"வராதீக" என்றார் செலின் அக்கா. "நீங்க வந்து நான் கெளம்புனா, அவுக சொல்றது நெசமாயிரும்."

"நெசம் என்னன்னு உங்களுக்குத் தெரியும்லங்க?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? போயிட்டு வாங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ நிற்கும் பக்கமாக நடந்தார். செலின் அக்கா கேட்டைச் சாத்தினார்.

உள்ளே கிழவி தனக்குப் பக்கத்தில் பாயைத் தட்டிக் காட்டினாள்.

"வாடி. வந்து ஒக்காந்து அழு."

செலின் அக்கா போய் உட்கார்ந்து அழுதார்.